மறு: கிட்டார் கலைச்சொற்கள் – நகராத விரலுக்கு ‘ஊன்றுவிரல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஒரு கார்டிலிருந்து (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) இன்னொன்றுக்கு மாறும்போது இடம்பெயராத விரலை ‘நங்கூர விரல்’ எனலாமா? ‘நிலைவிரல்’ இன்னும் சுருக்கம்.

இரண்டையும்விட ‘ஊன்றுவிரல்’ பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைக் கையை வைத்தே சொல்கிறேன்.

மிக மெல்லிய தந்தியை 1 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏ மைனர் கார்டைப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தியின் முதல் மெட்டில் (மெட்டு என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இருக்கும். நடுவிரல் 4ஆம் தந்தியிலும் மோதிர விரல் 3ஆம் தந்தியிலும், இரண்டுமே 2ஆம் மெட்டில். (ஃபிரெட்டுக்கு ‘மெட்டு’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. வீணைக்கு 24 மெட்டு என்றுதானே சொல்கிறோம்.) இங்கிருந்து சி மேஜருக்குப் போக மோதிர விரல் மட்டும் கிளம்பி 5ஆம் தந்தியின் 3ஆம் மெட்டுக்குப் போனால் போதும். மற்ற இரண்டும் ஊன்றியபடியே நிற்கும்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் மூன்று விரல்களையும் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடி வைப்பதற்குள் தாளம் போய்விடும், பாட்டு அறுந்துவிடும். விரல்நுனி வலி சில வாரங்களில் பழகிவிடும். பாட்டு பாட்டாக வராத சலிப்பு அப்படிப் பழகாது. கிட்டாரை மூலையில் சாத்திவிடச் செய்வது அதுதான். பக்கத்தில் இருந்து சொல்லித்தருபவர் “ஊன்றுவிரலை எடுக்காதே” என்று இரண்டே சொல்லில் சொல்ல முடிந்தால் எவ்வளவு உதவி!

> ‘ஊன்று’ என்றால் அழுத்திக் குத்தச் சொல்வதுபோல் இருக்கிறதே?

நியாயமான கேள்விதான். மெட்டுக் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் கொஞ்சம் அழுத்தினாலே ஒலி தெளிவாக வரும். அதைப் பாடத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ‘ஊன்றுகோல்’ என்னும்போது நமக்குக் குத்துவதா நினைவுக்கு வருகிறது? தாங்கி நிற்பதுதான். சொல்லின் அமைப்பும் அதேபோல் வினைத்தொகை.

‘நிலைவிரல்’ என்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு. எப்போதும் ஒரே விரல்தான் நிற்கும் என்ற எண்ணத்தை அது தரும். உண்மையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிற்கும் விரல் மாறுகிறது. ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போனால் ஒரு விரலும் நிற்பதில்லை, கை அதே வடிவத்தோடு ஒரு தந்தி தள்ளிப் போகிறது. ‘நங்கூர’த்தில் இன்னொரு சிக்கல். வலக்கைச் சுண்டுவிரலைக் கிட்டாரின் உடல்மீது பதித்துக்கொண்டு வாசிப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தாங்குவிரல்’ என்று தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

பயிற்சிக் கையேட்டில் இந்தச் சொல் எப்படி உட்காரும் என்று எழுதிப் பார்த்தேன்:

“ஏ மைனர், சி இரண்டையும் ஒரு நிமிடத்துக்கு மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஊன்றுவிரல்கள் இரண்டும் தந்தியை விட்டு எழக்கூடாது. எத்தனை முறை தெளிவாக ஒலித்தது என்று குறித்துவையுங்கள். பிறகு மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒருமுறை மாறுங்கள். தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள், தாளத்தை நிறுத்தாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் இந்த இரண்டு கார்டை வைத்தே மனம்போல வாயில் வந்ததைப் பாடுங்கள்.”

அந்தக் கடைசி வரியை யாரும் வெட்டிவிட வேண்டாம். மறுநாள் கிட்டாரைக் கையில் எடுக்கவைப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

இதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய சொல் இன்னொன்று உண்டு. ஏ மேஜரில் ஆள்காட்டி விரலை 3ஆம் தந்தியின் 2ஆம் மெட்டில் வைத்துப் பிடித்தால், ஈ மேஜருக்குப் போகும்போது அது தந்தியை விடாமலே முதல் மெட்டுக்குச் சறுக்கும். நிற்கவில்லை, ஆனால் எழவும் இல்லை. இதற்கு ‘இழைவிரல்’ என்கிறேன். ‘இழை’ தந்தியையும் குறிக்குமே என்று தோன்றினால் ‘சறுக்குவிரல்’ என்றும் வைக்கலாம். வாசிப்பவர்கள் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.