707 குதிரைத்திறன் இருந்தும் கால் மைல் 12.46 விநாடி, எங்கே விடுகிறேன்?

நள்ளிரவுச்சாலை:
என்னுடையது 2016 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சினில் எதையும் தொடவில்லை, டயரும் காரோடு வந்த 275/40 அளவு, 20 அங்குல ரிம். சாலையில் இது பாய்கிற பாய்ச்சலைப் பார்த்து, கால் மைல் நேர்ப்பந்தய டிராக்கில் பதினொன்று சொச்ச விநாடியில் சுலபமாக முடிக்கும் என்று நம்பித்தான் போனேன். நான்கு ஓட்டத்தில் சிறந்த ஸ்லிப் (டிராக்கில் தரும் நேரச் சீட்டு) இதுதான்: முதல் 60 அடி 2.41 விநாடி, கால் மைல் 12.46, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 121 மைல். பச்சை விளக்கு விழுந்ததும் மிதிக்கிறேன், பின் சக்கரம் சுழல்கிறது, காலை எடுத்து மறுபடி மிதித்தால் மறுபடியும் சுழல்கிறது. அதற்குள் பக்கத்து லேனில் என்னைவிடச் சக்தி மிகவும் குறைந்த பழைய கார் ஒன்று புறப்பட்டு ரொம்ப தூரம் போயிருந்தது. எல்லோரையும் போல நானும் கோட்டுக்கு முன்னால் ஊற்றியிருக்கும் தண்ணீரில் நிறுத்தி, டயர் சூடேற நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும் பர்ன்அவுட் செய்தேன், காரைப் பந்தய அமைப்புக்கு மாற்றும் டிராக் மோடில் வைத்தேன், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை முழுக்க அணைத்தேன். கடைசி இரண்டு ஓட்டம் முதல் இரண்டைவிட மோசம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுழல அதற்குச் சின்ன புல்லி போட்டு டியூன் செய்தால் சரியாகுமா?

கால்மைல்காரன்:
தம்பி, புல்லியை இப்போது வாங்காதீர்கள். விடை உங்கள் ஸ்லிப்பிலேயே இருக்கிறது.

இந்தக் கார் வெளிவந்தபோது டாட்ஜ் சொன்ன கணக்கு, கம்பெனி டயரில் 11.2 விநாடி, 125 மைல் வேகம். டிராக் ரேடியல் (drag radial, நேர்ப்பந்தயப் பிடிப்புக்காகவே செய்த டயர்) மாட்டியதும் அதே கார் 10.8. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறவில்லை, ரப்பர் மாறியதற்கே 0.4 விநாடி. இப்போது உங்களுடையதைப் பாருங்கள். கடைசி வேகத்தில் நீங்கள் பின்தங்கியிருப்பது 4 மைல்தான், நேரத்திலோ ஒன்றேகால் விநாடி. கடைசி வேகம் எஞ்சினின் பலத்தைக் காட்டும், நேரம் புறப்பாட்டைக் காட்டும். எஞ்சின் நன்றாக இருக்கிறது, முதல் 60 அடியில்தான் எல்லாம் போகிறது. அங்கே 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கோட்டில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது டிராக்கில் எல்லோரும் போடும் கணக்கு.

ஏன் இப்படிச் சுழல்கிறது என்றால், இதில் முதல் கியர் விகிதம் 4.71, பின் ஆக்ஸில் விகிதம் 2.62, இரண்டையும் பெருக்கினால் பன்னிரண்டுக்கு மேல். 650 பவுண்டு-அடி டார்க் (முறுக்குவிசை) இந்தப் பெருக்கத்தோடு, இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், 8,000 பவுண்டு-அடியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது. சாலை டயர் அதைத் தாங்கவே தாங்காது, அதனால் உங்கள் கால்தான் அளந்து கொடுக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும் ஐட்ல் வேகத்தைவிடக் கொஞ்சம் மேலே பிரேக்கில் பிடித்து நில்லுங்கள். பிரேக்கை விட்டதும் கார் முதலில் உருளட்டும், பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்திக்கொண்டே போய் 60 அடிக் குறி வரும்போது முழுசாக மிதியுங்கள். பார்ப்பவருக்கு மெதுவாகத் தெரியும், ஸ்லிப்பில் அப்படித் தெரியாது. ஒரு தடவை சுழல ஆரம்பித்துவிட்டால் காலை எடுத்து எடுத்து மிதிப்பதால் பயனில்லை, அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, டிராக் மோடில் ஷாக் அப்சார்பரும் இறுகிவிடும். புறப்படும்போது முன்பக்கம் எழும்பி எடை பின்னால் போனால்தான் பின் டயர் தரையை அழுத்தும், இறுக்கமான சஸ்பென்ஷன் அதைத் தடுக்கிறது. கஸ்டம் மோடுக்குப் போய் எஞ்சினையும் கியரையும் டிராக்கில் வைத்து, சஸ்பென்ஷனை மட்டும் ஸ்ட்ரீட்டுக்கு மாற்றுங்கள். டிராக்குக்காகவே செய்த 2018 சேலஞ்சர் டீமன் மாடலில் டாட்ஜே ஸ்பிரிங்கை மென்மையாக்கித்தான் போட்டது.

ரப்பர்வாசனை:
அண்ணன் சொன்னதோடு டயர் விஷயத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் தண்ணீரில் பர்ன்அவுட் என்று படித்ததுமே மனசு பதறியது. பள்ளம் வெட்டிய சாலை டயரோடு அந்தத் தண்ணீருக்குள் போகவே கூடாது. பள்ளங்களில் ஏறிய தண்ணீரையும் வீல் ஆர்ச்சில் தெறித்ததையும் புறப்படும் கோடு வரை சுமந்து வந்து, நீங்கள் நிற்கிற இடத்திலேயே சொட்ட விடுகிறீர்கள். ஓரமாகச் சுற்றிப் போய், காய்ந்த இடத்தில் ஒரு சின்ன சுழற்று சுழற்றிக் கல்லையும் மண்ணையும் உதறினால் போதும். சாலை டயரை அதிகம் சூடாக்கினால் அதன் மேல்தோல் வழவழவென்று ஆகிவிடும்.

காற்று: 32 பிஎஸ்ஐ இருந்தால் பின்னால் 27 அல்லது 28-க்கு இறக்கிப் பாருங்கள், ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரு பிஎஸ்ஐ மட்டும் மாற்றி ஸ்லிப்பிலேயே குறித்து வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறக்காமல் நிரப்பிவிடுங்கள்.

டிராக்‌ஷன் கண்ட்ரோலை முழுக்க அணைப்பது பற்றி அண்ணன் எதுவும் சொல்லவில்லை, என் கருத்து கால் பழகும் வரை அணைக்க வேண்டாம் என்பதுதான்.

நள்ளிரவுச்சாலை:
இரண்டு பேருக்கும் நன்றி. 18 அங்குல ரிம்மும் 305/45 டிராக் ரேடியலும் வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டே டிராக்குக்கு ஓட்டிப் போகலாமா?

ரப்பர்வாசனை:
சாலைக்கு அனுமதி உள்ள டிராக் ரேடியல் என்றால் போகலாம், ஆனால் மழையில் வேண்டவே வேண்டாம். பள்ளம் மிகக் குறைவு, தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் கார் மிதந்துவிடும். ரிம்மைச் சின்னதாக்கினால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும், புறப்படும் அடியை அது சுருங்கி வாங்கிக்கொள்ளும், பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. டிராக் ரேடியலுக்கு 18 முதல் 22 பிஎஸ்ஐக்குள் தொடங்குங்கள். தண்ணீரை ஒட்டி ஒரு சின்ன பர்ன்அவுட் இதற்கு நல்லது.

பாலைவனக்காற்று:
கடைசி இரண்டு ஓட்டம் ஏன் மோசமானது என்று யாரும் தொடவில்லையே, அது சூடு. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போதே சூடாக்குகிறது, உள்ளே போகும் காற்றின் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், சக்தி குறையும். காரின் திரையில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் பேஜஸில் இன்டேக் (எஞ்சினுக்குள் போகும்) காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வரிசையில் எஞ்சினை ஓட விட்டு நிற்காதீர்கள், அணைத்து பானட்டைத் திறந்து வையுங்கள், முடிந்தால் கையால் தள்ளிக்கொண்டு நகருங்கள். ஒரே மாலையில் எட்டு ஓட்டம் ஓடுவதைவிட, ஆற விட்டு மூன்று ஓட்டம் ஓடினால் அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

ஏசியை அணைத்துவிட்டுத்தான் கோட்டுக்குப் போக வேண்டும், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் உங்களுக்கும் கேடு, பின்னால் வருபவருக்கும் கேடு. பச்சை விழுந்ததும் பாய வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். கார் நகர்ந்து கோட்டில் உள்ள ஒளிக்கதிரைத் தாண்டிய பிறகுதான் கால் மைல் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, நேரத்தைக் குறைக்கப் பழகும் நாளில் நிதானமாகக் கிளம்பினால் ஒன்றும் போகாது. கார் கோட்டில் சரியாக நிற்கிறது என்று காட்டும் ஸ்டேஜ் விளக்கு எரிந்த உடனே நின்றுவிடுங்கள், மேலும் உள்ளே உருட்டாதீர்கள், முன்னால் கிடைக்கிற அந்தச் சில அங்குல உருளல் கணக்கில் வராது. ஹெல்மெட் இருக்கிறதுதானே? என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க நேர்ப்பந்தய அமைப்பு) விதிப்படி 13.99-க்குள் ஓடினாலே கட்டாயம்.

நள்ளிரவுச்சாலை:
நேற்று மறுபடி போய் வந்தேன், பழைய சாலை டயரோடுதான். தண்ணீரைச் சுற்றிப் போனேன், பின்னால் 27 பிஎஸ்ஐ, சஸ்பென்ஷன் ஸ்ட்ரீட்டில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே முக்கால் மணி நேரம் பானட் திறந்தபடி. முதல் ஓட்டத்தில் பழக்கதோஷத்தில் மிதித்துவிட்டேன், 12.3. இரண்டாவதில் உருளவிட்டு அழுத்தினேன், 60 அடி 2.08, கால் மைல் 11.79, 122 மைல். மூன்றாவதும் 11.8-தான், அதாவது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி அந்த ஸ்லிப்பை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. புல்லி யோசனையை விட்டுவிட்டேன், டயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கால்மைல்காரன்:
அருமை தம்பி, ரொம்ப சந்தோஷம். புது டயர் வந்ததும் ஒரு எச்சரிக்கை. பிடிப்பு கூடும்போது சில சமயம் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும், வீல் ஹாப் என்பது அதுதான். இந்தக் காரில் பின் சஸ்பென்ஷன் இண்டிபெண்டன்ட் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும்), அந்தக் குதிப்பில்தான் ஆக்ஸில் ஷாஃப்ட் உடையும். ஒரு குதி தெரிந்தாலும் உடனே காலை எடுத்துவிடுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும். புது டயரின் முதல் ஸ்லிப்பை 60 அடி நேரத்தோடு இங்கே போடுங்கள், காற்றை எவ்வளவு மாற்றுவது என்று சேர்ந்து பார்ப்போம்.