புதுப்பிப்பு: இயந்திரத்தில் காக்கப்படும் கல்லீரல் – ஒரு திருத்தம்

தானமாகப் பெற்ற கல்லீரலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காமல், 37 டிகிரி செல்சியஸில் ரத்தம் ஓடவிட்டுக் காக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டுவதாக நிறுவப்பட்டுவிட்டது என்று குறிப்பிட்டிருந்தேன், அது தவறு. 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியான, 220 மாற்று அறுவைச் சிகிச்சைகளை உள்ளடக்கிய ஐரோப்பிய ஆய்வை முழுமையாகப் படித்தபின் இதைத் திருத்துகிறேன். பனிக்கட்டி முறையோடு ஒப்பிட, சேதமுற்ற கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதிகளின் அளவை வைத்துக் கணித்த உறுப்புச் சேதமும், பயன்படாதென்று ஒதுக்கப்பட்ட கல்லீரல்களின் விகிதமும் பாதியாகக் குறைந்தன. நோயாளிகளின் உயிர்வாழ்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. என்னைக் கேட்டால், ஒதுக்கப்படுவது குறைந்ததுதான் பெரிய செய்தி: நன்றாக இயங்கும் கல்லீரல் ரத்தத்திலிருந்து அகற்றும் லாக்டேட் என்ற பொருளின் அளவு இறங்குகிறதா, குழாயில் பித்தநீர் சொட்டுகிறதா என்று பொருத்துவதற்கு முன்பே பார்த்துவிட முடிவதால், ஐயத்துக்குரிய உறுப்பையும் மருத்துவர்கள் துணிந்து ஏற்க வழி பிறக்கிறது.