"வண்டியை ஏத்து" என்று எழுதுவது குற்றமா? வழக்கறிஞர்கள் உதவுங்கள்

குழுவில் உள்ள வழக்கறிஞர்களிடம் ஓர் உதவி வேண்டும்.

குடிநீர் வராததால் எங்கள் பகுதிப் பெண்கள் காலிக் குடங்களைச் சாலையின் குறுக்கே அடுக்கி மறியல் செய்தார்கள். பேருந்துகள் நின்றன, பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நடந்தார்கள். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அன்று மாலையே எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மறியல் படத்தைப் போட்டு, "அடுத்த தடவை நிறுத்தாதீங்க, ஏத்திட்டுப் போயிட்டே இருங்க" என்று எழுதினார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். படத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எங்கள் தெருவில் இட்லிக்கடை போடும் அக்கா. முகம் தெளிவாகத் தெரிகிறது.

பொதுச் சாலையைக் காலவரையின்றி மறிக்க முடியாது என்று டெல்லி ஷாஹின் பாக் சாலை மறியல் போராட்டம் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். இது சில மணி நேர மறியல்தான். இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் வேறு, தூண்டிவிடுவது வேறு என்றது. "மறியல் செய்பவர்களைக் கைது செய்யுங்கள்" என்பது கருத்து, அதை எழுத யாருக்கும் உரிமை உண்டு. "ஏத்து" என்பது தூண்டுதல் இல்லையா?

பொதுமக்களைக் குற்றம் செய்யத் தூண்டுவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 57ஆம் பிரிவு இதற்குப் பொருந்துமா? அதே சட்டத்தின் 196ஆம் பிரிவு சாதி, மதம், மொழிப் பகை பற்றியது, அதனால் இங்கே வராது என்று நினைக்கிறேன். சரியா? அப்புறம், புகார் கொடுக்க ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா, மின்னணுச் சான்றுக்கான, பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் இப்போதே வேண்டுமா? அட்மின் பதிவை நீக்க மறுக்கிறார். அக்கா தினமும் அதே சாலையோரம்தான் கடை போடுகிறார், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.