மூன்று மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தமும் அம்மாவின் தூக்கமும்

முக்கூடல் மகள்:
எங்கள் அம்மாவுக்கு வயது 58. சிறு வயது முதல் பீடி சுற்றுகிறார். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையோடு சேர்த்து மூன்று வகை கொடுத்தும் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்குவதில்லை. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். அவருடைய குறட்டை தார்சாவில் படுத்திருக்கும் மதினி வரை கேட்கிறது. நடுவில் சத்தம் அறவே நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறது என்று மதினிதான் கவனித்துச் சொன்னார். போதாததற்கு, பொழுது சாய்ந்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது என்று பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தில் நடக்கிறார். தூக்கமில்லை என்றதும் ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்ட மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் கூடுகின்றன. நாங்கள் யாரிடம் முதலில் போவது?

பொருநைக்கரை:
தங்கச்சி, மதினி கவனித்ததை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி அடைபடும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்கி, மூளை பதறி எழுப்பிவிட, இரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம் இதைத் தேடச் சொல்வது அதனால்தான். சிறுநீருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: அடைபட்ட மூச்சை இழுக்க நெஞ்சு திமிறும்போது இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஒரு சுரப்பை வெளியிடுகிறது. சர்க்கரை கூடினாலும் இரவில் எழ வேண்டியிருக்கும் என்பதால், பழியைச் சர்க்கரைமேல் போட்டு நானே இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன்.

நெஞ்சக மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முறைக்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐ எட்டினால் கடுமை, எனக்கு 41. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவியைக் கொடுத்தார்கள். முதல் வாரம் முகமூடியைக் கழற்றி எறிந்தவன்தான் நானும். பழகிய பிறகு பகல் தூக்கம் போய்விட்டது. அழுத்தம் சற்றே இறங்கியதே தவிர, மாத்திரை ஒன்றும் குறையவில்லை. தூக்க மாத்திரைகளில் சில இந்த அடைப்பைக் கூட்டும் என்பதை எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். நாள்பட எடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

மருந்துக்கடை அனுபவம்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் கால் விஷயம் வேறு. உட்கார்ந்தால் தொடங்கி, மாலையில் கூடி, நடந்தால் தணிவது கால் அமைதியின்மை நோயின் அடையாளம். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு என்றால் எரிச்சலும் மரப்பும் நடந்தாலும் அவ்வளவாக விடாது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இந்த நோயில் அது 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர் என்றால் வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும். புகையிலைத் தூசிக்குத் தும்மல் மாத்திரை போடுகிறாரா? தூக்கம் வரவழைக்கும் பழைய வகை, கால் தொல்லையைக் கூட்டும். இரும்பு மாத்திரை கொடுத்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையேல் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. நீர் மாத்திரையை இரவில் கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

பாளை வாசகர்:
தூக்கப் பரிசோதனை பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதற்காக வீட்டுக்குக் கொடுத்துவிடும் சிறு கருவி மூச்சையும் ஆக்சிஜனையும் மட்டுமே பதிவு செய்யும். மூளை அலைகளைப் பதிவதில்லை. அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், இவ்வளவு அறிகுறிகள் இருக்கையில் ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

முக்கூடல் மகள்:
அனைவருக்கும் நன்றி. ஃபெரிட்டின் 18 என்று வந்திருக்கிறது. நீர் மாத்திரையை இரவில்தான் கொடுத்துவந்தோம். மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றியதில் நான்கு முறை மூன்றாகியிருக்கிறது. தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். குறட்டை குறைந்திருக்கிறது, நடுவில் நின்றுபோவது குறையவில்லை என்கிறார் மதினி.