வாய்க்குள் வாழும் பாக்டீரியா: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு வாயைப் பற்றிச் சொல்லுங்கள் (வாயைப் பார்க்கும் மருத்துவர்களும் ஒரு நர்ஸும் எழுதிய பதில்கள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் வைத்துக்கொண்ட பெயர்)

ஈறு வைத்தியம்

ஐம்பது வயது, பத்து வருஷச் சர்க்கரை. "தேய்ச்சா ரத்தம் வருது டாக்டர், அதனால அந்தப் பக்கம் பிரஷ்ஷே போடுறதில்ல" என்றார். கீழ் முன்பற்களின் உள்பக்கம் ஆறும் ஒரே காரையாக, அதாவது கல்லாக இறுகிய அழுக்காக, கட்டியிருந்தது. அது தினம் பார்ப்பதுதான். கண்ணில் நிற்பது கடைவாய்ப் பல். ஈறோரம் வைத்த புரோப், ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி, 7 மில்லிமீட்டர் இறங்கிற்று. நல்ல ஈறில் 1 முதல் 3 வரைதான் இறங்கும். விரலால் லேசாக அழுத்தியதும் முத்துப்போல் சீழ் எட்டிப் பார்த்தது. மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை, துளி வலி இல்லை.

ரத்தம் வந்தது பிரஷ் கீறி அல்ல. ஈறோரம் தங்கிய பாக்டீரியாப் படலத்தோடு உடம்பு மல்லுக்கட்டுவதால். தேய்ப்பதை நிறுத்தினால் படலம் தடித்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியா குடியேறும். ஈறில் கசியும் ரத்தமும் புரதமும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. 1965இல் டென்மார்க்கில் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கவைத்துப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி துலக்கியதும் அடங்கியது. ஆகவே ரத்தம் வரும் இடத்தில்தான் பிரஷ் முதலில் போகவேண்டும்: மென்மையான நார், ஈறோரம் 45 பாகைச் சாய்வு, சின்னச் சின்ன அசைவு.

சர்க்கரைக்கும் இதற்கும் போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. ஈறுச் சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதத்தில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை மருந்துக்கு இது மாற்று இல்லை. ஆனால் சர்க்கரைக்கு வருபவரிடம் "ஈறில் ரத்தம் வருதா?" என்று கேட்க அரை நிமிஷம் போதும்.

ஸ்லைடு

ஒரு அம்மாவின் வாயில், பல்லை விட்டு ஈறு விலகி உண்டான 6 மில்லிமீட்டர் பையின் அடியிலிருந்து, க்யூரெட் என்ற சுரண்டும் கருவியின் நுனியால் எடுத்த படலம், ஒரு சொட்டு சலைன், மேலே கவர் ஸ்லிப், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு. தாமதித்தால் ஸ்லைடு காய்ந்து அசைவு நின்றுவிடும், எடுத்த கையோடு பார்க்கவேண்டும். திரை முழுக்கத் திருகாணிபோல நெளியும் ஸ்பைரோகீட்டுகள் என்ற சுருள் பாக்டீரியா. 1683இல் மைக்ராஸ்கோப் முன்னோடி லீவன்ஹுக் தன் பல்லிடுக்கைச் சுரண்டிப் பார்த்து எழுதியதும் வாய்க்குள் வாழும் இந்த உயிர்களைத்தான். "இதெல்லாம் என் வாயிலயா?" என்று அந்த அம்மா கேட்டது காதிலேயே இருக்கிறது. இரண்டு வருஷமாகக் காலையும் இரவும் மவுத்வாஷ் கொப்பளித்தவர் அவர்.

கொப்பளிக்கும் மருந்து ஆழமான பைக்குள் இறங்குவதில்லை. படலமும் பிசின்போலப் பல்லைப் பற்றி நிற்கும். கையால் கலைத்தால்தான் போகும்.

நாக்கும் நைட்ரேட்டும்

மேலே இருப்பவரோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி அனுப்பினால் "எல்லாக் கிருமியையும் கொல்லணும்" என்றுதான் வீட்டுக்குப் போவார்கள். ரத்த அழுத்தக்காரர் ஒருவர் பல்லெல்லாம் பழுப்பேறி, சாம்பாரில் உப்பே தெரியவில்லை என்று வந்தார். இரண்டு வாரத்துக்கு எழுதிய 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை ஒரு வருஷம் விடாமல் ஊற்றியிருக்கிறார்.

கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கும் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, அதில் சுமார் கால் பங்கு உமிழ்நீர் வழியே வாய்க்குத் திரும்புகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் வெய்லோனெல்லா, ரோதியா வகைகள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்தும். ஆரோக்கியமானவர்களிடம் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் கொடுத்த ஆய்வில் அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது. தேவைக்கு எழுதினால் 10 மில்லி, ஒரு நிமிஷம், இரண்டு வேளை. பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதை முறித்துவிடும், ஆகவே துலக்கி அரை மணி கழித்து. நிறுத்தும் தேதியையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வார்டு சிஸ்டர்

பக்கவாதம் வந்த தாத்தா, மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் மேல் பல்செட் உள்ளேயே இருந்தது. கழற்றியதும் அண்ணத்தில் பழுப்பாக ஒரு தோலே உரிந்து வந்தது. பல்செட் போட்டிருப்பது வீட்டாருக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விழுங்க முடியாதவர் உமிழ்நீரோடு பாக்டீரியாவையும் நுரையீரலுக்கு இழுத்துக்கொள்வார். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் திருப்புங்கள். பேஸ்ட் பட்டாணி அளவுக்கும் குறைவு, நுரை அதிகமானால் புரையேறும். குழந்தை பிரஷ் போதும். பல்லைக் கடித்துக்கொள்பவர் வாயில் விரலை விடாதீர்கள். உதட்டைக் கன்னப்பக்கமாக விலக்கித் தேயுங்கள். பிழிந்த ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த பொருக்கைப் பிய்க்காமல், ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடைக்கவேண்டும். நாளுக்கு இரண்டு தடவை, குழாய் வழியே சாப்பிடுபவருக்கும்தான். வாயால் சாப்பிடாதவர் வாய் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு, உமிழ்நீர் குறைந்து அங்கேதான் அதிகம் படியும். பல்செட்டை இரவில் கழற்றிச் சாதா சோப்பால் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள். பேஸ்ட் கீறல் போடும், கீறலில் பூஞ்சை தங்கும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

இதய வால்வு

செயற்கை வால்வு வைத்தவர். பல் பிடுங்கும்போது வால்வு விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் சாயங்காலக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டார், நின்றது, திரும்பி வந்தது. பிளட் கல்ச்சரில், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை. நகத்துக்கடியில் சிராய் குத்தினாற்போல ரத்தக் கோடுகள். மாத்திரை நின்று சில நாள் கழித்து எடுத்ததில்தான் வாயில் வாழும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா வளர்ந்தது. அரைகுறை மாத்திரை கிருமியை மறைத்துவிட்டது. பிறகு ஆறு வாரம் நரம்பு வழி மருந்து.

செயற்கை வால்வு, முன்பே வந்த எண்டோகார்டைட்டிஸ் (இதய வால்வில் கிருமி தொற்றுவது), சில பிறவி இதயக் குறைகள்: இவர்களுக்குப் பல் பிடுங்கவோ காரை எடுக்கவோ 30 முதல் 60 நிமிஷம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும், மருந்து மாறும். ஸ்டென்டுக்கும் பைபாசுக்கும் இது தேவையில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு முன் கல்ச்சர்.

ஈறு வைத்தியம்

காரை எடுத்தால் பல் ஆடுமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஆடுவது எலும்பு ஏற்கெனவே கரைந்ததால். அதுவரை காரைதான் சிமென்ட்போலப் பற்களைக் கட்டிவைத்திருக்கும். எடுக்கும் முன்பே கண்ணாடியில் காட்டி, புரோப் அளவைச் சொல்லிவிடுங்கள். பிறகு திறந்த இடுக்கில் போடும் பிரஷ் லேசாக உரசிப் போகவேண்டும், தளர்வாகப் போனால் அடுத்த பெரிய அளவை வாங்கச் சொல்லுங்கள்.