'புக் ஆஃப் ஷேடோஸ்': நிழற்சுவடியா, நிழலேடா?

அன்பர்களே, வணக்கம்.

இயற்கை வழிபாடும் மந்திரச் சடங்கும் கலந்த விக்கா என்ற இருபதாம் நூற்றாண்டுச் சமயத்தைப் பயிலத் தொடங்குவோருக்கான வாசிப்புப் பட்டியலைத் தமிழில் தொகுக்கையில் ஒரு சொல் இடிக்கிறது: 'புக் ஆஃப் ஷேடோஸ்'. சடங்குமுறை, வட்டமிடும் படிகள், வேண்டுதல்கள், மூலிகைக் குறிப்புகள் எல்லாம் கையால் எழுதி வைக்கும் ஏடு அது. விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னரின் மரபில் தீக்கை பெற்றவர், தீக்கை தந்தவரின் ஏட்டைப் பார்த்துத் தம் கையாலேயே படியெடுக்க வேண்டும். தனியாகப் பயில்வோர் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள்.

'மந்திர நூல்' என்று போட்டுவிடலாம்தான். ஆனால் அந்தச் சொல் 'கிரிமோயர்' வகைக்கு வேண்டும். மேதர்ஸ் 1889இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சாலமனின் திறவுகோல்' போன்றவை ஆவிகளை அழைத்து ஏவும் நூல்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டியவர் கிரிமோயரைப் போய் வாங்குவார்.

என் முன்மொழிவு: நிழற்சுவடி. மாற்று: சடங்கேடு.

——

> மாற்று: சடங்கேடு

இது வேண்டாம். சேர்த்துச் சொன்னால் 'கேடு' காதில் விழுகிறது. ஏற்கெனவே அச்சத்தோடு பார்க்கப்படும் துறைக்கு இந்தப் பெயர் தீங்கு செய்யும்.

நிழற்சுவடியிலும் ஒரு சிக்கல். நிழற்படம் பழகிய வாசகருக்கு அது 'ஓலைச்சுவடியின் ஒளிப்படி' என்று தோன்றும். அதோடு, நிழல் என்பதே தேவையா? நிழல் உலகம், நிழல் கணக்கு என்று அது தமிழில் கள்ளத்தனத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'வழிபாட்டுக் குறிப்பேடு' போதாதா?

——

நிழலை விடக்கூடாது என்பேன். பெயரின் வரலாறு அப்படி. கார்ட்னரிடம் தீக்கை பெற்ற டோரீன் வேலியன்டே தரும் விளக்கம் இது: 1949இல் 'தி அக்கல்ட் அப்சர்வர்' இதழில் மீர் பஷீர் என்ற கைரேகை வல்லுநர் அதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதரின் நிழலை அளந்து பலன் சொல்லும் சமஸ்கிருதச் சுவடி ஒன்றைப் பற்றியது அது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கார்ட்னரின் நாவலுக்கு விளம்பரம். அங்கிருந்துதான் கார்ட்னர் பெயரை எடுத்தார் என்கிறார். ஆக, அந்த நிழல் வெயிலில் விழுந்த நிழல். இருட்டுக்கோ கள்ளத்தனத்துக்கோ அதில் இடமில்லை. நிழலை நீக்கினால் இந்தத் தடமும் போய்விடும்.

சுவடிக்குப் பதில் ஏடு வைப்போம்: நிழலேடு. நாளேடு, பதிவேடு, குறிப்பேடு வரிசையில் இயல்பாக உட்காருகிறது. தாள் சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற பொருளும் கிடைக்கிறது. முன்னோர் எழுதி முடித்துவிட்டது என்ற தோற்றத்தைச் சுவடி தருகிறது. இந்த ஏடோ வளர்ந்துகொண்டே இருப்பது.

கலைச்சொல் பதிவில் பயன்பாட்டுக் குறிப்பும் சேருங்கள். ஒவ்வொரு பதிவிலும் தேதி, நேரம், பிறைநிலை, நோக்கம், பொருள்களின் அளவு, செய்தவை வரிசைப்படி. கீழே அரைப்பக்கம் வெற்றிடம். ஒரு நிலவுச் சுற்று, அதாவது ஏறத்தாழ 29½ நாள் கழிந்தபின் விளைவை அங்கே எழுத வேண்டும். அன்றைக்கே எழுதினால் எதிர்பார்ப்புதான் பதிவாகும், விளைவு பதிவாகாது. தைத்த நோட்டில் இடையே தாள் செருக முடியாது. வளையக் கோப்பு நல்லது. மை பேனாவில் எழுதினால் ஒரு சொட்டு நீர் பட்டாலே எழுத்து பரவிவிடும்; பால்பாயின்ட் போதும்.

படியெடுப்பதில்தான் ஆபத்து. மூலிகைப் பக்கத்தில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற ஒரு வரி விடுபட்டால் போதும். பென்னிராயல் என்ற புதினா வகை மூலிகையின் எண்ணெய் பழைய மூலிகைக் குறிப்புகளில் சாதாரணமாக வரும். அதிலுள்ள புலெகோன் என்ற வேதிப்பொருள் கல்லீரலைச் சிதைப்பது. உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. துளியா மில்லியா என்பதை முழுச்சொல்லாக எழுத வேண்டும். ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரும் வேண்டும்.

——

நிழலேடு: ஏற்கிறேன். 'சுவடி' இன்னொன்றுக்கு உதவும். கார்ட்னர் மரபில் கைமாறி வரும் பொதுப் பாடத்தை 'மரபுச்சுவடி' என்று தனியே குறிக்கலாம். அது உறுதிமொழியால் காக்கப்படுவது, வெளியாருக்குக் காட்டப்படாதது. 'நிழலேடு' தனியாள் ஏட்டையும் குழுவினர் ஏட்டையும் சேர்த்துச் சுட்டும் பொதுச்சொல்லாக இருக்கட்டும். 'கிரிமோயர்' மந்திர நூல் என்றே நிற்கட்டும்.

பட்டியலின் வரிசை பற்றி ஒன்று. கார்ட்னரின் 1954 நூலான 'விட்ச்கிராஃப்ட் டுடே'யை முதலில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னுரை எழுதியவர் எகிப்தியவியலாளர் மார்கரெட் மர்ரே. தொன்மைச் சமயம் ஒன்று அறுபடாமல் தொடர்ந்தது என்ற அவரது 1921ஆம் ஆண்டுக் கருத்தை வரலாற்றாய்வாளர்கள் தள்ளிவிட்டார்கள். புதிதாக வருபவர் அதை வரலாறாகவே எடுத்துக்கொள்வார். ஸ்காட் கன்னிங்ஹாமின் 1988 நூலான 'விக்கா: எ கைட் ஃபார் தி சாலிட்டரி ப்ராக்டிஷனர்' முதலில் வரட்டும். தனியாகப் பயில்வோருக்காகவே எழுதியது, மாதிரி ஏடு ஒன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. கூடவே வரலாற்றாய்வாளர் ரொனால்ட் ஹட்டனின் 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்', 1999. தடித்த நூல்தான், ஆனால் எது பழையது, எது இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்தது என்று பிரித்துக் காட்ட அதற்கு ஈடில்லை. கார்ட்னரை மூன்றாவதாக வையுங்கள்.

——

மகிழ்ச்சி. நிழலேடு, மரபுச்சுவடி, மந்திர நூல் மூன்றையும் பதிந்துவிடுகிறேன். நூல் வரிசையையும் மாற்றுகிறேன். அடுத்து 'கோவன்': 'குழாம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். பதின்மூவர் வரை உள்ள சிறுகுழு என்ற பொருள் அதில் வருகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.