பைக் ஓட்டத்தில் எடுத்த படமெல்லாம் கலங்கல், லென்ஸ் பழுதா? அவசரம்

செம்மண்_புழுதி:
வணக்கம். வவுனியாவிலிருந்து அனுராதபுரத்துச் சாலியபுரவுக்கு சூப்பர்குரொஸ் மண்பாதை பைக் ஓட்டம் பார்க்கப் போனோம். 300 படத்துக்கு மேல் எடுத்தேன். ஒன்றுகூட உருப்படியில்லை, பைக் எல்லாம் கலங்கல். கடையில் காட்டினேன், லென்ஸ் போய்விட்டது, வேறு வாங்கு என்கிறார்கள். அடுத்த ஓட்டத்தில் எங்கள் மச்சான் முதல் தடவையாக ஓடுகிறான். அதற்குள் சரிக்கட்ட வேண்டும். கெதியாகச் சொல்லுங்கோ.

இரணைமடு_அலை:
என்ன கமரா? என்ன லென்ஸ்? ஷட்டர் வேகம் எவ்வளவில் இருந்தது? இவற்றைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

மல்லாவி_மழை:
லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கும். மாரியில் அலுமாரிக்குள் பூட்டி வைத்தீர்களா? டோர்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து முன்பக்கத்தால் பாருங்கள், சிலந்தி வலை மாதிரித் தெரியும். என் இரண்டு லென்ஸ் அப்படித்தான் போனது.

பழைய_பிலிம்ரோல்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தரம் பதில் எழுதியாயிற்று. புதிதாக வருகிறவர்கள் தேடிப் பார்ப்பதில்லை, கமராவோடு வந்த கையேட்டைத் திறப்பதுமில்லை. நாங்கள் ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம்தான் என்று பழகியவர்கள். பைக் எங்கே வந்து விழும் என்று பார்த்து, அந்த மண்ணில் கையால் போக்கஸ் வைத்துவிட்டுக் காத்திருப்போம். 300 படம் தட்டுவது படம் எடுப்பது அல்ல, தம்பி.

கச்சான்_அக்கா:
அண்ணை, பிள்ளை உதவி கேட்டுத்தான் வந்திருக்கிறான். நீங்கள் சொன்ன அந்தக் கைப்போக்கஸ் நல்ல வழி. அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.
தம்பி, ஒன்று கேட்கிறேன். பைக் கலங்கல் என்றால் படத்தில் வேறு ஏதாவது தெளிவாக இருக்கிறதா, இல்லை முழுப்படமும் கலங்கலா?

செம்மண்_புழுதி:
கெனன் 1300டி. 75-300 லென்ஸ். முன்னால் கட்டியிருந்த கயிறு தெளிவாக இருக்கிறது.

இரணைமடு_அலை:
மோட் என்ன?

செம்மண்_புழுதி:
பச்சை.

கச்சான்_அக்கா:
அப்படியென்றால் லென்ஸில் பழுதில்லை. கயிற்றின் நூல் பிரி தெரிகிற லென்ஸ் எப்படிப் பழுதாகும்? பூஞ்சணம் என்றால் படம் முழுக்கப் பால் ஊற்றினது போல வெளிறும், கயிறு மட்டும் தப்பாது.
பச்சை என்றால் எல்லாம் தானாக நடக்கும் மோட். அதில் எந்தப் புள்ளியில் போக்கஸ் வைப்பது என்பதைக் கமராவே எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் கிட்ட இருப்பதைத்தான் பிடிக்கும். உங்களுக்குக் கிட்ட இருந்தது கயிறு. 1300டியில் 9 புள்ளி உண்டு, அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கும் நல்ல புள்ளி. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போக்கஸை ஏஐ சேர்வோவுக்கு மாற்றுங்கள், அப்போதுதான் வருகிற பைக்கை விடாமல் தொடரும். டயலை Tv என்ற எழுத்தில் வையுங்கள், அதில் ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கலாம்.
75-300 கொஞ்சம் மெதுவாகத்தான் போக்கஸ் பிடிக்கும், அது உண்மை. அதனால் பைக் பாய்கிற மேட்டுக்கு வரமுதலே பொத்தானைப் பாதி அழுத்திப் பின்தொடரத் தொடங்குங்கள். மேட்டில் வந்த பிறகு அழுத்தினால் பிடிக்காது.

இரணைமடு_அலை:
ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையவே கூடாது. கணக்குப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் பைக் விநாடிக்கு 14 மீற்றர் போகும். 1/60இல் எடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும்போதே 23 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/1000இல் ஒன்றரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை.
அடுத்தது, உங்கள் கமரா விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பைக் நாலரை மீற்றர் போய்விடும். சும்மா அழுத்திப் பிடித்தால் பாய்ச்சலின் உச்சி நடுவில் தவறிப்போகும். ஒரு பாய்ச்சல், ஒரு அழுத்தல்.

மாங்குளம்_சில்லு:
1/1000 பாய்ச்சலுக்குச் சரி. நேர்ப்பாதையில் அதை வைத்தால் கம்பிச்சில்லு அசையாமல் நின்று, பைக்கை முற்றத்தில் நிறுத்தி எடுத்தது போல இருக்கும். அங்கே 1/125 வைத்து, இடுப்பிலிருந்து திரும்பிப் பைக்கோடு கமராவையும் கொண்டுபோக வேண்டும். ஒன்று கவனம்: உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் 1/60க்கு இறங்கினால் லென்ஸின் துவாரம் மிகச் சிறிதாகி எப்22க்குப் போய்விடும். அப்போது சென்சரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். எங்கள் மண்ணில் லென்ஸ் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பாதையடியில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.
பழக வேண்டுமென்றால் வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நில்லுங்கள். எல்லா வாகனமும் அங்கே மெதுவாகும். அது கைவந்த பிறகு மாட்டுவண்டிச் சவாரித் திடலுக்குப் போங்கள். மாட்டின் கண்ணில் போக்கஸ் வைக்கப் பழகியவனுக்கு ஹெல்மெற் பெரிய காரியமில்லை.

வேகப்பிரியன்:
இவ்வளவும் எதற்கு? கிட்டத்து 18-55 லென்ஸைப் போட்டு, வளைவின் வெளிப்பக்கம் கயிற்றுக்குக் கீழே படுத்து எடுங்கள். மண் உங்கள் மேல் விழ வேண்டும். கிட்டப் போகாமல் நல்ல படம் இல்லை.

கச்சான்_அக்கா:
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். வழுக்குகிற பைக் வளைவின் வெளிப்பக்கம்தான் வரும். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் ஓட்டக் கார் ஒன்று பாதையை விட்டு ஆட்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும். எல்லோரும் ஓட்டம் பார்க்கப் போனவர்களும் அங்கே வேலை செய்தவர்களும்தான்.

வேகப்பிரியன்:
அது கார். அங்கே ஒழுங்கான தடுப்புப் போடாதது நடத்தினவர்களின் பிழை. பார்க்கிறவனைக் குறை சொல்லாதீர்கள்.

மாங்குளம்_சில்லு:
நடத்துகிறவர்கள் தடுப்புப் போட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தடுப்பு இருந்தும் அதற்குக் கீழே படுக்கச் சொல்வது நீங்கள். 120 கிலோ பைக்கும் ஓடுகிறவனும் சேர்ந்து வந்தால் ஒரு கயிறு என்ன செய்யும்?

பழைய_பிலிம்ரோல்:
வளைவின் உட்பக்கம், கயிற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான இடம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்க வேண்டும், அப்போது புழுதி அங்கால் போகும். மேட்டில் நின்றால் கயிறும் படத்துக்குள் வராது. இதைத்தான் முதலே எழுதியிருக்க வேண்டும். தம்பி, முன்பு சொன்னதை மனதில் வைக்க வேண்டாம்.

மல்லாவி_மழை:
எதற்கும் ஒருக்கால் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இரணைமடு_அலை:
செம்மண், என்ன ஆனது? மச்சானின் ஓட்டம் முடிந்திருக்குமே?

செம்மண்_புழுதி:
மன்னிக்கவும், வேலையாகிவிட்டது. நடுப்புள்ளி, சேர்வோ, 1/1000. இரண்டு ஞாயிறு சவாரியில் பழகினேன். லென்ஸ் பழுதில்லை. மச்சானின் படம் 11 நன்றாக வந்திருக்கிறது. ஒன்றில் கண்ணாடிக்குள் அவன் கண் தெரிகிறது, மாமி அதைப் பெரிதாக அடித்து வீட்டில் மாட்டிவிட்டா. எல்லோருக்கும் நன்றி.

கச்சான்_அக்கா:
நல்ல சந்தோசம் தம்பி. அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள்?